சிகிச்சைத் தோட்டத்துக்கு எந்த நிழல்? மதுரை வெயிலுக்கு ஓர் ஒப்பீடு

நோயாளிகளும் முதியவர்களும் நடந்து, உட்கார்ந்து, கைவேலை செய்து தேறுவதற்காக அமைக்கும் சிகிச்சைத் தோட்டம் மாசி வரை ஆள் நடமாட்டத்தோடு இருக்கும், பங்குனி பாதியில் வெறிச்சோடிப் போய்விடும். சக்கர நாற்காலிகள் வராந்தாவிலேயே நின்றுவிடும். நடைப்பயிற்சி உள்ளே நடைகூடத்துக்கு மாறிவிடும். உடனே நிர்வாகத்தில் ஒருவர் "பச்சை வலை கட்டிடலாம்" என்பார். இன்னொருவர் தண்ணீர்ப் புகை அடிக்கும் குழாய் போடலாம் என்பார். தோட்டக்காரர் மரம் வைக்கச் சொல்வார். மூன்றும் நல்ல யோசனைகள்தான். எதை முதலில் செய்வது, எந்த இடத்தில், எந்த நேரத்துக்காக என்று முடிவு செய்யாமல் இறங்கும்போதுதான் காசு கரைகிறது. ஐந்து சென்ட் வெட்டவெளி, அதாவது சுமார் 200 சதுர மீட்டர், ஒரு முதியோர் இல்லத்திலோ மறுவாழ்வு மையத்திலோ இருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நேரத்தை முதலில் தீர்மானியுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கு வரை நோயாளிகளை வெளியே உட்கார வைக்கக் கூடாது. எந்த நிழலும் அந்த நேரத்தை அவர்களுக்குப் பாதுகாப்பாக்காது. காரணம் வயது மட்டுமல்ல, அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளும்தான். மனநோய்க்குத் தரும் குளோர்ப்ரோமசைன் போன்ற மருந்துகள் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும், தோலையும் வெயிலுக்குக் கூச வைக்கும். அவற்றோடு சேர்த்து எழுதப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வியர்வையை அடக்கும். ஃபியூரோசமைடு நீரை வெளியேற்றும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு நச்சாகும் வரை ஏறலாம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, தீக்காயத் தழும்புள்ள தோலும் வியர்க்காது. மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் தோட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி, யார் எத்தனை நிமிடம் வெளியே இருக்கலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக மிஞ்சுவது காலை 6 முதல் 9 வரை, மாலை 4.30 முதல் 6.30 வரை. காலை நேரம் பெரும்பாலும் தன்னாலேயே இதமாக இருக்கும். எல்லாச் செலவும் மாலை நாலரை மணிக்கு அந்தப் பெஞ்சில் உட்காருகிறவருக்காகத்தான். இதை மறந்துவிட்டு உச்சி வெயிலுக்குக் கூரை போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஏப்ரல் நடுவில் மதுரையில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது வடக்கே சாய்ந்துதான் போகும். மே நடுவில் மாலை 4.30-க்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 28 டிகிரி உயரத்தில், மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி இருக்கும். அப்போது பத்தடி உயரப் பந்தலின் நிழல் எங்கே விழும்? பந்தலுக்கு அடியில் விழாது. சுமார் 19 அடி கிழக்கே தள்ளி விழும். பந்தல் 15 அடி அகலம்தான் என்றால், அதற்குக் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பவர் முழு வெயிலில் இருப்பார், நிழலோ பக்கத்துப் பூச்செடி மேல் கிடக்கும். "பந்தல் போட்டும் மூஞ்சியில அடிக்குதே" என்று பாட்டிமார் சொல்வது இதனால்தான். இதற்கு வழி இரண்டு. பெஞ்சைப் பந்தலின் கிழக்கே நகர்த்தலாம், அல்லது மேற்குப் பக்கத்தில் தடுப்பு வைக்கலாம். நம் பரிந்துரை இரண்டாவது. மேற்குத் தடுப்பு இல்லாத கூரையைப் பாதி வேலை என்றே கணக்கில் வையுங்கள்.

இனி கூரைக்கு வருவோம்.

நிழல்வலை ஒரே வாரத்தில் கட்டி முடிக்கக்கூடியது. அதனால் முதல் கோடைக்கு அதை விட்டால் வேறு வழி பெரும்பாலும் இருக்காது. கடையில் 50, 75, 90 சதவீதம் என்று கேட்பார்கள், அது வலை மறைக்கும் வெளிச்சத்தின் அளவு. மனிதர் உட்காரும் இடத்துக்கு 75 போதும். 90 போட்டால் அடியில் உள்ள செடிகள் வெளிறி நீளும், காற்றும் தடைபடும். நாடா போல் நெய்த வலையைவிட உருண்டை நூலில் நெய்த வலை நாள்பட உழைக்கும். உயரம் பத்தடிக்குக் குறையக் கூடாது. ஏழடியில் கட்டினால் சூடேறிய வலையே தலைக்கு மேல் அடுப்பு மாதிரி அனலை இறக்கும். நிறத்தில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. பச்சை வலைக்கு அடியில் எல்லார் முகமும் பச்சையாகத்தான் தெரியும். ஒருவர் முகம் வெளுத்திருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று செவிலியருக்குச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. சிகிச்சைத் தோட்டத்துக்கு வெள்ளை அல்லது மணல் நிற வலையைத் தேடி வாங்குவது நல்லது.

வலை கிழிவது நடுவில் அல்ல, மூலையிலும் ஓரத்திலும்தான். ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு கொடுத்துத் தைத்து, ஓரடிக்கு ஒரு வளையம் அடித்து, அந்த வளையத்தில்தான் இழுத்துக் கட்ட வேண்டும். வலையிலேயே கம்பியைக் குத்தி முறுக்கினால் ஆனிக் காற்றுக்கே பிய்ந்துவிடும். தூணுக்கு இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட். ஒரு பக்கத்தைக் கொக்கியில் மாட்டினாற்போல் வையுங்கள். ஆடியில் காற்று வலுக்கும்போது அவிழ்த்துச் சுருட்டிவிடலாம்.

கொடிப்பந்தல் கூரைகளில் நமக்குப் பிடித்தது. வலை வெறும் நிழல்தான் தரும். கொடி நிழலும் தரும், இலை வழியே நீரை ஆவியாக்குவதால் தானும் அதிகம் சூடேறாது, கைக்கு வேலையும் தரும். தேனி மாவட்டத்துக் கம்பம் ஊர்ப் பக்கம் திராட்சைக்குப் போடுவது போல் கல்தூண் நட்டு, மேலே இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஜி.ஐ. கம்பி இழுத்தால் பல வருடம் பிரச்சினை இல்லை. வயலில் பந்தலை ஆளுயரத்தில் போடுவார்கள். இங்கே எட்டரை அடியாவது வேண்டும். புடலங்காய் தொங்கினால் நிற்பவர் நெற்றியில் இடிக்கக் கூடாது.

எந்தக் கொடி என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தை முதல் வாரம் பீர்க்கு விதைத்தால் பங்குனி தொடக்கத்தில் பந்தல் மூடிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பீர்க்கின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம். சரியாக அக்னி நட்சத்திரம் நடக்கும்போது அடி இலை மஞ்சளாகிக் காய்ந்து பந்தல் ஓட்டையாகும். இதைத் தடுக்க மாசிக் கடைசியில் அதே தூண்களின் மறுபக்கத்தில் இரண்டாவது விதைப்பு போட வேண்டும், அல்லது நிரந்தரக் கொடி ஒன்றைக் கலக்க வேண்டும். கோவைக்காய் தண்டு நட்டால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். ரங்கூன் மல்லி மூட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், மூடிவிட்டால் பிறகு கவாத்து மட்டும்தான் வேலை. அதன் பூ வெள்ளையாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, அடர்சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். நினைவு மங்கியவர்களோடு பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல பிடி. பீர்க்கம்பூ இன்னொரு விதத்தில் கொடுத்து வைத்த பூ. காலையில் மொட்டாக இருக்கும், நாலரை ஐந்து மணிக்கு மேல்தான் மஞ்சளாக விரியும். நோயாளிகள் வந்து உட்காரும் நேரத்தில் அவர்கள் கண்முன்னே மலரும்.

கொடிப்பந்தலின் தொல்லை பூச்சி. பூவுக்கு வண்டு, தேனீ வரும், காயில் பழ ஈ விழும். ஆள் உட்காரும் பந்தலில் ரசாயன மருந்து அடிக்கவே கூடாது. அழுகிய காயை அன்றன்றே பறித்துப் புதைப்பதும், பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவதும்தான் வழி. அதற்கு ஆள் இல்லையென்றால் காய்க்கொடி வேண்டாம், பூக்கொடியே போதும்.

தகரக் கொட்டகை மழைக்கு உதவும், வெயிலுக்கு எதிரி. ஏற்கனவே இருந்தால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு முழ இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுங்கள். புதிதாகப் போடாதீர்கள். கீற்றுக் கொட்டகைக்குக் குளிர்ச்சியில் நிகர் இல்லை, நம் ஊருக்குப் பழகியதும்கூட. ஆனால் எழுந்து ஓட முடியாதவர்கள் இருக்கும் இடத்தில் கீற்று வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மரம் கடைசியில் எல்லாவற்றையும் வெல்லும், ஐந்து வருடம் பொறுத்தால். புங்கை முதல் தேர்வு. மாசி வாக்கில் இலை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும்போது பளபளவென்று புதுத்துளிர் விட்டு அடர்ந்துவிடும். இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது சிலந்திப்பேனின் வேலை, மரத்துக்குப் பெரிய கேடில்லை, பயந்து வெட்ட வேண்டாம். பூவரசு போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலே பிழைக்கும், அதனால் ஓரிரு வருடம் மிச்சம். வேம்பு நல்ல மரம், ஆனால் ஆனி ஆடியில் பழம் கொட்டி, காக்கை எச்சமும் சேர்ந்து நடைபாதை வழுக்கும். நடைபாதையிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். முருங்கை, வாதநாராயணன் இரண்டின் கிளையும் காற்றுக்கு முறியும், கம்பளிப்பூச்சியும் வரும், ஆள் உட்காரும் இடத்தில் ஆகாது. மகிழம் மெதுவாக வளரும். ஆனாலும் ஒன்றாவது வையுங்கள். விடியற்காலையில் அடியில் உதிர்ந்து கிடக்கும் சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்களின் நடுவில் இயல்பாகவே துளை இருக்கும். ஊசி இல்லாமல் வெறும் நாரிலேயே கோக்கலாம். பக்கவாதத்தில் விரல் மடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல விரல் பயிற்சி விலைக்குக் கிடைக்காது. காய்ந்த பிறகும் மணம் போகாது. அரளியை மட்டும், எவ்வளவு வறட்சி தாங்கினாலும், இந்த வகைத் தோட்டத்தில் சேர்க்காதீர்கள். எல்லாப் பாகமும் விஷம். குழம்பிய மனநிலையில் இருப்பவர் எதையும் வாயில் வைப்பார்.

மேற்குத் தடுப்புக்கு நமக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் சித்திரை மாதம் நுழைந்து பாருங்கள். வெளியே அனல் அடிக்கும், உள்ளே ஈரமும் பச்சையிருளும். வெற்றிலை வெயில் தாங்காது. அதனால் அகத்தியை வரிசையாக நெருக்கி விதைத்து, அதன் மேலேயே கொடியை ஏற்றி, உச்சியைக் கிள்ளி நிழலை அளவாக வைத்திருப்பார்கள். அதே முறையைத் தோட்டத்தின் மேற்கு எல்லையில் செய்யலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு வரிசை மூன்றடி, விதைக்கு விதை ஓரடி. மழைக்கு முன் புரட்டாசியில் விதைத்தால் பங்குனிக்குள் ஆளுயரம் நன்றாகவே தாண்டிவிடும். கீரை சமையலறைக்குப் போகும். அகத்தியின் குறை, அதற்கு ஆயுள் குறைவு, காற்றுக்கு ஒடியும். அதனால் அகத்திக்கு உள்பக்கமாக நொச்சிப் போத்துகளை இரண்டடிக்கு ஒன்றாக நட்டு வாருங்கள். அகத்தி ஓயும்போது நொச்சி எட்டடிக்கு வேலியாக நிற்கும். ஆடு கடிக்காது, ஆவி பிடிக்க இலையும் ஆச்சு.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு வெட்டிவேர் தட்டி. பெஞ்சின் மேற்கே ஆறடி உயரத்துக்குத் தொங்கவிட்டு நாலு மணிக்கு நனைத்தால் வெயிலையும் மறைக்கும், வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைக் குளிரவைத்தும் அனுப்பும், வாசமும் வரும். இரவில் நனைந்தபடியே விட்டால் பூசணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. மாலை முடிந்ததும் காற்றோட்டமாகக் காயவிட வேண்டும், அடுத்த வருடத்துக்குப் புதிது வாங்க வேண்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் உட்காருகிறவரைச் சுடுவது காற்று மட்டுமல்ல. பகல் முழுக்கக் காய்ந்த கல்லும் சிமென்ட்டும் சாயங்காலம் வெக்கையைத் திருப்பி விடுகின்றன. நிழல் வந்த பிறகும் பேவர் பிளாக் தரை இரண்டு மூன்று மணி நேரம் அனத்திக்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் அடர்நிறத் தரை 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். நீரிழிவில் பாதம் மரத்துப் போனவருக்கு அது சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தொழுநோயால் உணர்விழந்த பாதத்துக்கும் அதே ஆபத்து. செருப்பு கட்டாயம்.

வெள்ளை வழுவழு ஓடு சூட்டைக் குறைக்கும், ஆனால் கண்ணைக் கூசும். கண்புரை உள்ளவர் நடக்கவே மாட்டார், நினைவாற்றல் குறைந்தவர் பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்துக் காலை எடுத்து வைக்கத் தயங்குவார். புல் குளிர்ச்சி, ஆனால் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் கேட்கும். 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். அந்தத் தண்ணீரைப் பந்தலுக்கும் மரத்துக்கும் கொடுத்தால் பலன் அதிகம். தளர்ந்த ஜல்லியில் சக்கரம் புதையும். கெட்டித்த கிராவல் மண் இதமானது, மலிவானது, ஆனால் ஐப்பசி மழையில் அரிக்கும், வருடம் ஒருமுறை திமிசு போட வேண்டும்.

நம் தேர்வு, நிழல் விழும் பாதையில் மெருகில்லாத நாட்டுச் செங்கலை மணல் மேல் பக்கவாட்டில் நிறுத்திப் பதிப்பது. செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக ஆவியாக்கும். மூன்றரை மணிக்கு ஒருமுறை பூவாளியால் தெளித்தால் நாலரைக்குள் மேல் ஈரம் போயிருக்கும், கல்லும் தணிந்திருக்கும். இடுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, ஊன்றுகோல் முனை மாட்டும். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், கார்த்திகை முழுக்க வாரம் ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். பாதை அகலம் ஐந்தடிக்குக் குறையாமல் இருந்தால் சக்கர நாற்காலி திரும்பும்.

உட்காரும் இடத்துக்கு மேலூர்க் கருங்கல் பலகை சுலபமாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க நிழலில் இருக்கும் இடத்துக்கு அது அருமை. நண்பகல் வெயில் படும் இடத்தில் மெருகேற்றிய கருப்புக் கல் பொழுது சாய்ந்த பிறகும் சுடும். எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி அதைவிட மோசம். கம்பியில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றுங்கள், பிடியும் கிடைக்கும். கட்டில் பெஞ்சுகளில் மரச்சட்டமும் கயிறும் சேர்ந்ததற்குத்தான் முதுகில் காற்றுப் படும். உயரம் ஒன்றரை அடி, கை ஊன்றி எழ இருபுறமும் பிடி.

கடைசியாகத் தண்ணீர்ப் புகை. மதுரையில் இது வேலை செய்யும், கடற்கரை ஊர்களைவிட நன்றாகவே செய்யும், ஏனென்றால் இங்கே கோடைப் பிற்பகல் காற்று வறண்டது. 38 டிகிரியில் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 26. நீர் ஆவியாகி இறக்கக்கூடிய எல்லை அதுதான். வெட்டவெளியில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கோடை மழை பெய்த மறுநாள் 36 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் அந்த எல்லையே 29-க்கு ஏறிவிடும். அப்போது புகை அடித்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. சாதாரண மோட்டார் அழுத்தத்தில் இயங்கும் மலிவான நாசில் பெரிய துளிகளாகத் தெளித்துத் தரையையும் சட்டையையும் நனைக்கும், வழுக்கி விழ வைக்கும். 70 பார் அழுத்தத்தில் ஓடும் பம்பு நுண்துளியாக்கும், ஆனால் விலை கூட. நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் சில வாரங்களில் நாசில் அடைத்துக்கொள்ளும், அதனால் சுத்திகரித்த நீரும் வடிகட்டியும் வேண்டும். எல்லாவற்றையும்விட, வெயிலில் கிடக்கும் குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அதைத் துளியாக்கி நுரையீரல் பலவீனமானவர் மூக்கருகே அடிப்பது ஆபத்து. தினமும் பழைய நீரை வெளியேற்றிவிட்டு ஓட்டுவதற்கும், மாதம் ஒருமுறை குளோரின் போட்டுக் கழுவுவதற்கும் பொறுப்பான ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் மானாமதுரைப் பானையில் குடிக்கத் தண்ணீரும், ஆளுக்கு ஒரு பனையோலை விசிறியும் வைப்பது மேல். கேட்டால் கொடுக்கலாம் என்று விடாமல் கால் மணிக்கு ஒருமுறை நீங்களாகவே டம்ளரை நீட்டுங்கள். முதியவர்களுக்குத் தாகம் தெரிவதே குறைவு. நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு.

கையில் ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது, இப்போது பங்குனி என்றால், மணல் நிற வலையை வாங்குங்கள். முழுத் தோட்டத்துக்கும் வேண்டாம், பெஞ்சு இருக்கும் 20-க்கு 15 அடிக்குப் போதும். வலையை மேலே விரித்ததோடு நிறுத்தாமல் மேற்குப் பக்கம் தரையிலிருந்து ஓரடி விட்டுக் கீழ்வரை தொங்கவிடுங்கள். கிழக்கும் தெற்கும் திறந்தே இருக்கட்டும். இப்போது புரட்டாசி என்றால், வலை வாங்கும் காசில் கல்தூணும் அகத்தி விதையும் புங்கங்கன்றும் வாங்குங்கள். மரத்துக்கு மூன்றடிக் குழி, மழை வேரைப் பிடித்துத் தரும்.

எதைத் தேர்ந்தாலும் தினமும் நாலே காலுக்கு ஒரு சோதனை. பெஞ்சு, கைப்பிடி, பாதை மூன்றிலும் புறங்கையை ஏழு நொடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் அந்த இடம் இன்று கிடையாது. கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது, அது 43 டிகிரிக்கு மேல் காட்டாது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி, அளவைச் சுவரில் ஒட்டிய தாளில் தேதியோடு எழுதுங்கள். பத்து நாள் எழுதினாலே எந்த மூலை தாமதமாகத் தணிகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த கொடியை அங்கே நடுங்கள்.